மகளுக்கு பூஸ்டர் போடலாமா? போட்டவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 6 வயது. ஃபைசர் கொரோனா தடுப்பூசி 2 டோஸ் போட்டாயிற்று. பூஸ்டர் போடுவதா வேண்டாமா என்று எனக்கும் கணவருக்கும் ஒரு வாரமாகப் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

இரண்டாவது டோஸ் போட்ட அன்று இரவு நல்ல காய்ச்சல். கையைத் தூக்க முடியாமல், சட்டையைக் கழற்றும்போது அழுதுவிட்டாள். விடியும்வரை நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மதியமே ஓடியாட ஆரம்பித்துவிட்டாள், அதையும் சொல்ல வேண்டும்.

டோஸ் அளவைப் பற்றிப் பயமில்லை. பெரியவர்களுக்கு 30 மைக்ரோகிராம், 5 முதல் 11 வயதுக்கு 10தான். தடுப்பூசியால் இதயத் தசை அழற்சி வருவதும் அரிது, அதுவும் பெரும்பாலும் பதின்வயதுப் பையன்களுக்கும் இளைஞர்களுக்கும்தான். என் குழப்பம் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2023 மார்ச்சில் ஆரோக்கியமான குழந்தைகளை இந்தத் தடுப்பூசிக்கு முன்னுரிமை குறைந்த பிரிவில் வைத்தது. இணைநோய் (ஏற்கெனவே வேறு நோய்) உள்ள குழந்தைகள் அதற்கு மேல் பிரிவு. இவளுக்குச் சளி பிடித்தாலே வீசிங் வரும், இன்ஹேலர் தேவைப்படும். அப்படியென்றால் இவள் எந்தக் கணக்கில் வருவாள்?

அப்புறம், வீட்டில் மாமியார் புற்றுநோய்க்கு கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார், இவளிடமிருந்து அவருக்குத் தொற்றிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளாமல் அவரால் இருக்க முடியாது.

வீசிங் உள்ள பிள்ளைக்கு பூஸ்டர் போட்டவர்கள் இருக்கிறீர்களா? மருத்துவர் என்ன சொன்னார்? இரண்டு மாதம் முன்புதான் இவளுக்குக் கொரோனா வந்து போனது, எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் வேண்டாம், உங்கள் அனுபவம் போதும். திங்கட்கிழமை குழந்தை மருத்துவரைப் பார்க்கிறோம். அவரிடம் மறக்காமல் கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.