தகரக் கொட்டகையில் பைக்கை மூன்று மாதம் விட்டுப் போனால் உப்புக்காற்று என்ன செய்யும்?

மண்டபத்தான்:
ஐப்பசி பாதியில் வேலைக்காகக் குவைத் கிளம்புகிறேன், தை பிறந்துதான் திரும்புவேன். என் பழைய கார்புரேட்டர் ஸ்பிளெண்டரை மண்டபத்தில் கடலோரம் இருக்கும் என் வீட்டுப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் நிறுத்தப் போகிறேன். சிமெண்ட் தரை, மழை உள்ளே வராது. ஆனால் போன வருடம் பக்கத்து வீட்டு வண்டி இப்படித்தான் நின்றது, ரிம்மும் ஸ்போக்ஸும் பொரிந்து போய்விட்டன. போர்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டால் போதுமா? அம்மா மட்டும்தான் வீட்டில் இருப்பார்.

பாம்பன் மெக்கானிக்:
தம்பி, முதலில் அந்தப் போர்த் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கரித்தால் அதில் கழுவவே கழுவாதீர்கள். காசு கொடுத்து உப்பைப் பூசுகிற வேலை அது. வீட்டில் குடிக்கிற நல்ல தண்ணீர் நாலு குடம் எடுங்கள், அல்லது முதல் மழையில் அண்டாவில் பிடித்து வையுங்கள்.

மழையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், இங்கே வண்டியைத் தின்பது உப்பு. மேலே உப்பு படிந்திருந்தால் மழையே வேண்டாம், காற்றில் இருக்கும் ஈரத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். 1914ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியது துரு முற்றிப் போனதால்தான். அதே காற்றுதான் உங்கள் கொட்டகைக்குள்ளும் வருகிறது.

ஸ்போக்ஸ் ரிம்முக்குள் நுழையும் இடத்தில் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள், வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டும். பழைய டூத் பிரஷ் போட்டு அதை எடுக்க வேண்டும். மட்கார்டு உள்பக்கம் மணல் அப்பியிருக்கும், அதையும் விடாதீர்கள். செயின் கவரின் ரப்பர் மூடியைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி எண்ணெய் விடுங்கள். கவருக்குள் இருக்கிற செயினுக்குத் துரு வராது என்று நம்பி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். பழைய எஞ்சின் ஆயிலைத் தடவாதீர்கள், அதில் அமிலம் சேர்ந்திருக்கும். போல்ட், ஸ்டாண்ட் ஸ்பிரிங்குக்கு கிரீஸ் போதும். பிரேக் டிரம் பக்கம் மட்டும் எண்ணெய்க் கையை வைக்காதீர்கள்.

கழுவிய பிறகு ஒரு நாள் வெயிலில் காயட்டும். அப்புறம் தார்ப்பாயை வண்டிமேல் போடாதீர்கள். உள்ளே ஈரம் அடைபட்டு வேர்க்கும். அதை வண்டிக்கு மேலே கூரை மாதிரி உயர்த்திக் கட்டுங்கள். விடியற்காலையில் தகரம் வியர்த்துச் சொட்டும், அதைத் தாங்கத்தான் அது. வண்டிக்குப் பழைய வேட்டி ஒன்று போதும், தளர்வாகப் போடுங்கள். கீழே பலகை போட்டு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அது சரி, வீடு வடகடல் பக்கமா, தென்கடல் பக்கமா?

மண்டபத்தான்:
வடகடல் பக்கம்தான் அண்ணே. கொட்டகை வாசலும் கடலைப் பார்த்தே இருக்கிறது.

பாம்பன் மெக்கானிக்:
அப்படியானால் வாடைக்காற்று நேராக உள்ளே அடிக்கும். வாசலில் ஓலைத் தட்டி கட்டுங்கள். எதிர்ச் சுவரில் மேலே கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும், காற்றோட்டம் வேண்டும்.

தொண்டிக்காரன்:
வாரம் ஒரு தடவை யாரையாவது ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பாம்பன் மெக்கானிக்:
அதில் எனக்கு உடன்பாடில்லை அண்ணே. பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும். ஐந்து நிமிடத்தில் சைலன்சர் முழுதாகச் சூடாகாது, அந்த நீர் உள்ளேயே தங்கி அரிக்கும். ஆயிலிலும் கலக்கும். ஓட்டினால் ராமநாதபுரம் வரை போய் வர வேண்டும், இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

தம்பி, கிளம்பும் முன் ஆயில் மாற்றிச் சிறிது தூரம் ஓட்டுங்கள். டேங்கை ஏறக்குறைய நிரப்புங்கள், வழிய வழிய வேண்டாம். காலி இடம் இருந்தால் அங்கே ஈரம் படிந்து உள்பக்கம் துருப்பிடிக்கும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது தண்ணீரை இழுக்கும். டேங்குக்கு அடியில் உள்ள பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து மிச்சத்தை வடித்துவிடுங்கள். பேட்டரியில் மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, பேட்டரியை வீட்டுக்குள் வையுங்கள். சைலன்சர் நன்றாக ஆறியதும் வாயில் பாலித்தீன் கட்டுங்கள்.

மண்டபத்தான்:
எல்லாம் சரி அண்ணே. தை மாதம் வந்த வேகத்தில் பாலித்தீனை மறந்து கிக்கரை உதைத்துவிட்டால்?

பாம்பன் மெக்கானிக்:
சாவியில் ஒரு சீட்டு எழுதிக் கட்டி அம்மாவிடம் கொடுங்கள்.