(ஏ+பி)² சொல்லித்தர கத்தரிக்கோல் எதற்கு?

டியூஷன் மாமா:
என்னிடம் வரும் எட்டாம் வகுப்புப் பையனின் பள்ளியில் (ஏ+பி)² நடத்த ஒரு பீரியட் முழுக்க கலர் பேப்பர் வெட்டி ஒட்ட வைத்திருக்கிறார்கள். அடைப்புக்குறியை விரித்துப் பெருக்கினால் இரண்டே வரியில் ஏ²+2ஏபி+பி² வந்துவிடும். படம் அழகுதான், சரி. கணிதச் சிந்தனை அதில் எங்கே வளர்கிறது?

நடுநிலைப்பள்ளி டீச்சர்:
அந்த இரண்டு வரியை மனப்பாடம் செய்த பிள்ளைகள்தான் விடைத்தாளில் ஏ²+பி² என்று எழுதிவிட்டுப் போகிறார்கள் சார். 10 செ.மீ. சதுரத்தை 7, 3 என்று இரு பக்கமும் பிரித்து வெட்டச் சொல்லுங்கள். 49, 9 போக, 21 பரப்பில் இரண்டு நீளத் துண்டுகள் மீதி நிற்கும். அவற்றைக் கையில் பிடித்திருக்கும் பிள்ளை 2ஏபி-யை விடாது.

டியூஷன் மாமா:
பி-க்கு மைனஸ் 3 போடுங்கள் டீச்சர். நீளம் மைனஸில் வருமா? படம் அங்கேயே படுத்துவிடும், பெருக்கல் படுக்காது. அப்புறம், 8-க்கு 8 சதுரத்தை இரண்டு முக்கோணம், இரண்டு சரிவகம் என நான்காக வெட்டி 5-க்கு 13 செவ்வகமாக அடுக்கும் பழைய வித்தை இருக்கிறதே, 64 கட்டம் 65 ஆகிவிடும். கண்ணை நம்பினால் இதுதான் கதி.

நடுநிலைப்பள்ளி டீச்சர்:
அந்த வித்தையைத்தான் நான் வகுப்புக்கே கொண்டுபோவேன்! கூடுதல் கட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடட்டும். முக்கோணத்தின் சாய்வு 3/8, அதாவது 0.375. சரிவகத்தின் சாய்வு 2/5, அதாவது 0.4. மூலைவிட்டம் ஒரே கோடு இல்லை, நடுவே ஒல்லியாக ஓர் இடுக்கு. அதன் பரப்பு சரியாக 1. படத்தைச் சந்தேகிக்கக் கற்பதும் சிந்தனைதானே?

மைனஸுக்கும் வழி உண்டு, (ஏ−பி)²-ஐ (7−3)² என்று எடுத்துக்கொள்ளுங்கள். 7 செ.மீ. சதுரத்தில் வலப்பக்கம் 3 செ.மீ. பட்டை, கீழே 3 செ.மீ. பட்டை, இரண்டையும் கழியுங்கள். 49−21−21 என்றால் 7. ஆனால் மிஞ்சுவது 4-க்கு 4, அதாவது 16. மூலையில் இருக்கும் 9-ஐ இரண்டு முறை கழித்துவிட்டோம், திருப்பித் தர வேண்டும். கடைசியில் ஏன் +பி² என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

சிங்கப்பூர் அம்மா:
இங்கே தொடக்கப்பள்ளியில் 1980களிலிருந்தே பார் மாடல்தான், அதாவது கணக்கில் வரும் அளவுகளைக் கட்டங்களாக வரைந்து விடை காண்பது. குமாரிடம் ரவியைப்போல் 3 மடங்கு காசு, குமார் ரவிக்கு 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் இருவருக்கும் சமம். குமாருக்கு மூன்று கட்டம், ரவிக்கு ஒன்று. ஒன்றைத் தள்ளிக் கொடுத்தால் இரண்டிரண்டு, எனவே ஒரு கட்டம் 10. எக்ஸ் இல்லாமலே விடை! ஆனால் உயர்நிலைக்குப் போன பிறகும் என் மகள் கட்டம்தான் போடுகிறாள், சமன்பாடு எழுத மனசே வரவில்லை. மாமா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

திண்ணைக்காரன்:
படமா இல்லையா என்பதைவிட எந்தப் படம் என்று சண்டை போடுங்கள். பின்னத்துக்கு எல்லோரும் பீட்சாதான் வரைகிறார்கள். 5/4-ஐ அதில் காட்டினால் இரண்டு வட்டம், எட்டுத் துண்டு, ஐந்துக்கு நிறம். பிள்ளை 5/8 என்று எழுதும், அதன் மேல் குற்றமில்லை. எண்கோட்டில் 5/4 ஒன்றைத் தாண்டிப் போய் உட்காரும், குழப்பமில்லை. சுவரில் தொங்கும் சார்ட் பற்றிப் பேசவே வேண்டாம், இன்ஸ்பெக்ஷனுக்கு மாட்டுவது.

டியூஷன் மாமா:
சரி டீச்சர், (ஏ+பி)³-க்கு எட்டுத் துண்டில் கனசதுரம் செய்துவிடுவீர்கள். (ஏ+பி)⁴-க்கு?

நடுநிலைப்பள்ளி டீச்சர்:
பெருக்கட்டும் சார். நடு உறுப்புகளை விட்டுவிடாமல் பெருக்குவார்கள்.