கேபிள் இல்லாமல் கைபேசியிலிருந்து கணினிக்கு: உங்கள் அனுபவம் என்ன?

கல்வெட்டு வாசிப்பவர், கும்பகோணம்:

சிறு கோயில்களின் கல்வெட்டுகளைக் கைபேசியில் படமெடுத்து வந்து, கணினியில் பெரிதாக்கி வாசிக்கும் குழு எங்களுடையது. இந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அனுப்பும்போதே படம் சுருங்கிவிடும். தேய்ந்த கல்லில் எழுத்து எது, வெடிப்பு எது என்று பிரித்தறிய உதவும் நுண்ணிய கோடுகள்தான் முதலில் மறைகின்றன. படத்துக்குள் பதிந்திருக்கும் தேதியும் இடக்குறிப்பும் போய்விடும். ஆவணமாக அனுப்பினால் படம் கெடாது. ஆனால் அதற்கு இணையம் வேண்டும்; நாங்கள் போகும் ஊர்கள் பலவற்றில் சிக்னலே கிடைக்காது.

முன்பு கோப்பு அனுப்ப ஷேர்இட் செயலி வைத்திருந்தோம். 2020 ஜூன் இறுதியில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. இப்போது எல்லோரும் லோக்கல்சென்ட் பயன்படுத்துகிறோம். ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகளுக்கு இடையே இணையம் இல்லாமலே கோப்புகளை அனுப்பும் திறமூலச் செயலி அது; விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் அனைத்திலும் ஓடும்.

கோயில் திண்ணையில் உட்கார்ந்தே வேலையை முடித்துவிடலாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, மடிக்கணினியை அதில் இணைத்துக்கொள்வோம். மொபைல் டேட்டா அணைந்தே இருக்கும். படங்கள் இரண்டு கருவிகளுக்கு இடையே மட்டும் போவதால் டேட்டா செலவே இல்லை. புளூடூத் போதாதா என்று புதியவர்கள் கேட்பார்கள். அதன் வேகம் வினாடிக்கு 3 மெகாபிட்டைத் தாண்டாது. 1 ஜிபி அனுப்ப, தடங்கலே இல்லாவிட்டாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

கல்லூரி மாணவி, சென்னை:

என் சிக்கல் வேகம் அல்ல. விடுதி வைஃபையில் கைபேசியும் மடிக்கணினியும் இணைந்திருந்தும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. செயலியை நீக்கி மறுபடி நிறுவியும் பயனில்லை. பிறகுதான் காரணம் தெரிந்தது: பொது இடங்களின் வைஃபையில், இணைந்திருக்கும் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள முடியாதபடி ரவுட்டரிலேயே தடுத்து வைப்பது வழக்கம். முகம் தெரியாத பலர் இணையும் இடத்தில் அந்தத் தடுப்பு இருக்கத்தான் வேண்டும். நானும் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிவிட்டேன்.

ஊரில் எங்கள் வீட்டில் வேறு தொல்லை. விண்டோஸ் வீட்டு வைஃபையைப் 'பப்ளிக்' என்று குறித்து, மற்ற கருவிகளுக்குக் கணினி தெரியாதபடி மறைத்து வைத்திருந்தது. நெட்வொர்க் அமைப்பில் அதைப் 'பிரைவேட்' என்று மாற்றியதும் கைபேசியின் பெயர் உடனே திரையில் வந்தது. இதை வீட்டில் மட்டும் செய்யுங்கள். ரயில் நிலையத்திலும் உணவகத்திலும் 'பப்ளிக்' என்றே இருக்கட்டும்.

லினக்ஸ் பயனர், மதுரை:

நான் கைபேசியையும் கணினியையும் வைஃபையில் இணைக்கும் கேடிஇ கனெக்ட் செயலியைப் பயன்படுத்துகிறேன். கோப்புகள் போக, கைபேசிக்கு வரும் அறிவிப்புகளும் கணினியில் தெரியும். கருவிகள் இணையவில்லை என்றால் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் கணினியின் ஃபயர்வாலில் 1714 முதல் 1764 வரையிலான போர்ட்டுகளை (இணைப்பு வாயில்களை) டிசிபி, யுடிபி என்ற இரண்டு வகைத் தொடர்புக்கும் திறந்துவிட வேண்டும். எனக்கு அதோடு சரியாகிவிட்டது.

ஓர் எச்சரிக்கை. சில கோப்பு மேலாளர் செயலிகளில் எஃப்டிபி என்ற பழைய கோப்பு அனுப்பும் முறைக்கான வசதி இருக்கிறது. கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், கைபேசித் திரையில் காட்டும் முகவரியைக் கணினியில் தட்டச்சு செய்தால் போதும் என்பதால் பலருக்கு அது பிடிக்கும். ஆனால் சாதாரண எஃப்டிபியில் கடவுச்சொல் உட்பட எல்லாமே மறைகுறியாக்கம் இல்லாமல் போகின்றன. அடுத்தவர் வைஃபையில் அதைத் தொடவே கூடாது.

கல்வெட்டு வாசிப்பவர், கும்பகோணம்:

வீட்டில் வேகம் போதவில்லை என்பவர்களுக்கு: கணினியை ரவுட்டருடன் லேன் கேபிளில் இணைத்துப் பாருங்கள். இரண்டும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு கோப்பும் கைபேசியிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து கணினிக்கு மறுமுறை என்று அதே அலைவரிசையில் இரண்டு தடவை பயணம் செய்கிறது. கேபிள் போட்டால் அதில் ஒன்று குறையும். கைபேசி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருப்பதும் நல்லது.

படங்களைக் கைபேசியிலிருந்து அழிக்கும் முன் இரண்டு பக்கமும் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை எங்கள் குழுவில் கட்டாயமாக்கியிருக்கிறோம். அடுத்த முறை போவதற்குள் அந்தச் சுவரில் சுண்ணாம்பு ஏறியிருக்கலாம். எண்ணிக்கை சரியாக இருந்தும் அளவு குறைந்தால் ஏதோ ஒரு படம் பாதியில் நின்றிருக்கிறது என்று பொருள். அந்தத் தொகுப்பை முழுவதும் மறுபடி அனுப்புகிறோம்.