அனலாக் நிறுத்த அறிவிப்பு: சேர வேண்டியவர்களுக்குச் சேரவில்லை, உதவி தேவை

கட்டுப்பாட்டறை
ஒரு சிறிய தொலைக்காட்சி நிலையத்தின் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்கிறேன். எங்கள் அனலாக் ஒளிபரப்பை, அதாவது பழைய முறை ஒளிபரப்பை, நிறுத்த நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை அனலாக், டிஜிட்டல் இரண்டிலும் ஒரே நிகழ்ச்சிகள்தான். "அனலாக் ஒளிபரப்பு விரைவில் நிறுத்தப்படும், டிஜிட்டலுக்கு மாறுங்கள்" என்று திரையின் அடியில் எழுத்து ஓடவிட்டு, தொலைபேசி எண்ணும் கொடுத்தோம். அழைப்புகள் குவிகின்றன. ஆனால் அழைப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே டிஜிட்டல் பெட்டி (டிஜிட்டல் சிக்னலைப் பழைய டிவிக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) வைத்திருப்பவர்கள்! "இந்தப் பெட்டியும் செல்லாதா? புது டிவி வாங்க வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். கூரை ஆன்டெனாவை நேராகப் பழைய டிவியில் செருகியிருப்பவர்கள் வாயே திறக்கவில்லை. நிர்வாகமோ எழுத்தைப் பெரிதாக்கச் சொல்கிறது. என்ன செய்யலாம்?

கோபுரத்தடி
எழுத்தைப் பெரிதாக்கினால் தவறான அழைப்புகள்தான் பெருகும். ஒன்று சொல்லுங்கள்: சிக்னல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் எழுத்தைச் சேர்க்கிறீர்களா, பின்னாலா?

கட்டுப்பாட்டறை
முன்னால். எந்தப் படம் ஒளிபரப்பாக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சருக்கு அடுத்து எழுத்துக் கருவி. அதன் பிறகுதான் ஒரு கிளை, படத்தை டிஜிட்டலாக மாற்றும் என்கோடருக்கும் மற்றொன்று அனலாக் டிரான்ஸ்மிட்டருக்கும் போகிறது.

கோபுரத்தடி
கோளாறு அங்கேதான். எழுத்துக் கருவியை அனலாக் கிளைக்குள் தள்ளுங்கள். திரை மூலையில் நிலையத்தின் சின்னத்தைப் பதிக்கும் லோகோ கருவி, ஓரங்கட்டிய பழையது ஏதாவது இருந்தால் அதுவே போதும். அப்போது டிஜிட்டலில் பார்ப்பவருக்கு அறிவிப்பே தெரியாது. வாசகத்தையும் மாற்றலாம்: "இந்த எழுத்து உங்கள் திரையில் தெரிகிறதா? அப்படியானால் இன்ன தேதிக்குப் பிறகு இந்த டிவியில் எங்கள் ஒளிபரப்பு வராது." தன் டிவி எந்த வகை என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஜப்பானில் இப்படித்தான் செய்தார்கள். அனலாக் படத்தின் மேல் மூலையில் மட்டும் "அனலாக்" என்ற சொல் நின்றுகொண்டே இருந்தது. கடைசி வாரங்களில் கீழ் மூலையில் மீதமுள்ள நாட்களின் எண்ணிக்கையும் சேர்ந்தது. 2011 ஜூலை 24 நண்பகலில் நிகழ்ச்சிகள் நின்று, அறிவிப்பு மட்டும் திரையில் இருந்தது.

பழைய குழாய் டிவிகள் படத்தின் ஓரத்தை வெட்டிவிடும். எழுத்தை விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வையுங்கள். அலுவலக மானிட்டரில் முழுதாகத் தெரிகிறது என்று நம்பிவிடாதீர்கள். அப்படி ஒரு டிவியையே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள்.

திருத்துபவன்
வாசகத்தைப் பற்றி நான் கொஞ்சம் சண்டை போட வேண்டும். "டிஜிட்டலுக்கு மாறுங்கள்" என்பது அறிவுரை. எதை வாங்குவது, எங்கே செருகுவது என்று அதில் இல்லை. "உங்கள் டிவியை மாற்ற வேண்டியதில்லை, ஆன்டெனா கம்பிக்கும் டிவிக்கும் நடுவே டிஜிட்டல் பெட்டி ஒன்று போதும்" என்று எழுதுங்கள். தட்டைத் திரை என்றாலே டிஜிட்டல் என்று நினைப்பவர்கள் ஏராளம். முதலில் வந்த தட்டைத் திரைகள் பலவற்றில் அனலாக் ட்யூனர் (சிக்னலைப் பிடிக்கும் பகுதி) மட்டுமே உண்டு.

எழுத்து ஓடினால் மட்டும் போதாது, குரலிலும் சொல்லுங்கள். கண் மங்கியவர்களும் படிக்கத் தெரியாதவர்களும் டிவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தேதியைப் படத்தோடு சேர்த்து வரைந்துவிடாதீர்கள், தனியாக மாற்றும்படி வையுங்கள். அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 17 என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் ஜூன் 12 என்று தள்ளிப்போட்டார்கள்.

கட்டுப்பாட்டறை
எழுத்தை அனலாக் கிளைக்கு மாற்றினோம். பெட்டி வைத்திருப்பவர்களின் அழைப்பு நின்றுவிட்டது. ஆனால் இப்போது கேபிள் வீடுகளிலிருந்து அழைக்கிறார்கள். அவர்களுக்கும் எழுத்து தெரிகிறதாம். கேபிளுக்கும் எங்கள் டிரான்ஸ்மிட்டருக்கும் என்ன தொடர்பு?

கோபுரத்தடி
கேபிள்காரர் உங்கள் சிக்னலை எங்கிருந்து எடுக்கிறார் என்று போய்ப் பாருங்கள். மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா உங்கள் கோபுரத்தைப் பார்த்து நிற்கும் என்பது என் ஊகம்.

கட்டுப்பாட்டறை
அதேதான். எங்கள் அனலாக் சிக்னலை ஆன்டெனாவில் வாங்கி அப்படியே கேபிளில் விட்டிருக்கிறார். நிறுத்தும் தேதி அவருக்கும் தெரியும், அது தன் ஆன்டெனாவையும் பாதிக்கும் என்பதைத்தான் யோசிக்கவில்லை. டிஜிட்டல் ரிசீவர் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

கோபுரத்தடி
இல்லாவிட்டால் குறித்த நாளில் அத்தனை கேபிள் வீடுகளிலும் உங்கள் சேனல் இருண்டிருக்கும். அடுக்குமாடிப் பொது ஆன்டெனாக்களையும் விசாரியுங்கள். சிலவற்றில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் தனித்தனியாக இருக்கும். உங்கள் டிஜிட்டல் அலைவரிசை அதற்குள் நுழையாது. வீட்டுக்காரர் பெட்டி வாங்கியும் படம் வராது, பழி பெட்டியின் மேல் விழும். இந்த அறிவிப்பை டிவியில் போட்டுப் பயனில்லை, கட்டடத்தைப் பராமரிப்பவருக்குத்தான் சொல்ல வேண்டும்.

கட்டுப்பாட்டறை
அந்தப் பட்டியலைத் தொடங்கிவிட்டேன். கூரை ஆன்டெனாக்காரர்கள் மட்டும் இன்னும் மௌனம். தயாராகிவிட்டார்களா, எழுத்தைக் கவனிக்கவே இல்லையா?

திருத்துபவன்
நாள் முழுவதும் நிற்கும் எழுத்து சீக்கிரமே கண்ணுக்குப் பழகிவிடும். ஒத்திகை நடத்துங்கள். அனலாக்கில் மட்டும் இரண்டு நிமிடம் நிகழ்ச்சியை நிறுத்தி, அறிவிப்பு அட்டையையும் தொலைபேசி எண்ணையும் காட்டுங்கள். அமெரிக்க நிலையங்கள் பலவும் இதைச் செய்தன. நள்ளிரவில் வைத்தால் யாருக்கும் தெரியாது, மாலைச் செய்தியின் நடுவில் வையுங்கள். திட்டுவார்கள், திட்டுவதற்காவது அழைப்பார்களே!

கோபுரத்தடி
முடிந்தால் நிறுத்திய பிறகும் சில வாரங்கள் அனலாக்கில் அறிவிப்பு அட்டை மட்டும் ஓடட்டும். அமெரிக்கச் சட்டம் இதற்கு 30 நாள் வரை இடம் கொடுத்தது. வெறும் புள்ளி மழையைப் பார்ப்பவர் டிவி கெட்டுவிட்டது என்றே நினைப்பார். பிரிட்டனில் வைட்ஹேவன் ஊரில் 2007 அக்டோபர் 17 அன்று பிபிசி டூ சேனலை மட்டும் முதலில் நிறுத்தினார்கள். மற்றவை நவம்பர் 14 வரை ஓடின. ஒரு சேனல் மறைந்தது, மற்றவை மறைவதற்குள் மக்கள் விழித்துக்கொள்ள நேரம் கிடைத்தது.

அனலாக் நின்ற பிறகு உங்கள் டிஜிட்டல் அலைவரிசை மாறுமா?

கட்டுப்பாட்டறை
மாறும். இப்போது தற்காலிக அலைவரிசையில் இருக்கிறோம். அனலாக் காலி செய்யும் இடத்துக்குப் போகிறோம்.

கோபுரத்தடி
அப்படியானால் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஓர் அறிவிப்பு வேண்டும். அன்றைக்கு அவர்கள் சேனல்களை மறுபடி தேடிப் பதிய வேண்டும். இதை டிஜிட்டல் கிளையில் மட்டும் போடுங்கள், ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைப் படத்தோடு காட்டுங்கள். புதிய அலைவரிசையின் பட்டை (VHF, UHF என்ற அலைவரிசைத் தொகுதி) வேறு என்றால், அதற்கேற்ற ஆன்டெனா தேவைப்படலாம் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

கட்டுப்பாட்டறை
பட்டை வேறுதான். அந்த வரி சேர்ந்துவிட்டது. மாலைச் செய்தி ஒத்திகைக்கும் அனுமதி வாங்கியாகிவிட்டது. விளையாட்டு நேரலை இருக்கும் நாளில் மட்டும் வேண்டாமாம்.