மாலையானால் சொல்பேச்சு கேட்காத வராந்தா விளக்கு

தக்கலை அருகே எங்கள் வீடு. மின்கம்பி வழியாகவே சமிக்ஞை அனுப்பும் எக்ஸ்-10 முறையில் விளக்குகளை இயக்குகிறேன். பகலில் ஒழுங்கு. மாலை 7 மணிக்கு மேல் வராந்தா விளக்கு பொத்தானை மதிப்பதில்லை. சில இரவுகளில் அழைக்காமலே எரிகிறது. அம்மா பேய் என்கிறார்.

மின்னழுத்தம் பூஜ்ஜியத்தைக் கடக்கும் கணத்தில் செல்லும் 120 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞைத் துடிப்புகளை மலிவான எல்இடி, சார்ஜர் கிளப்பும் மின் இரைச்சல் விழுங்கிவிடும் என்பது தெரியும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். இன்வெர்ட்டரைக் கழற்றியதும் பாதி சரியானது. மீதி? வீட்டில் மும்முனை இணைப்பு. அனுப்பும் கருவி ஒரு ஃபேஸில் (மும்முனையில் ஒரு முனை), வராந்தா வேறொன்றில். ஒரு ஃபேஸின் சமிக்ஞை இன்னொன்றுக்கு எளிதில் தாவாது. அதுதான் காரணம் என்றால் பகலில் எப்படி வேலை செய்கிறது?

ஃபேஸ்களுக்கிடையே சமிக்ஞையைக் கடத்தும் இணைப்பான் பொருத்தியவர்கள், 230 வோல்ட் இரைச்சல் வடிகட்டி நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எங்கே கிடைக்கும் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள். மீட்டர் பெட்டியில் நான் கைவைக்கமாட்டேன். எலக்ட்ரீஷியனிடம் என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்பதே என் கேள்வி.