கோல்ஃப் மைதானத்துக்குக் கீழே ரோமானியச் சுவர், என்ன செய்வது?

தண்டையார்பேட்டைக்காரன்: இங்கிருந்தபடியே இங்கிலாந்து வேலைகளுக்கு ஆட்டோகேட் வரைபடம் போடுகிறேன். இப்போது வந்திருக்கும் கோல்ஃப் மைதானத்தில் பங்க்கர் என்கிற மணல் குழி ஒன்றுக்கு அடியில் ரோமானிய அஸ்திவாரம் இருக்கிறதாம். தோண்டி எடுத்துவிட்டுக் கட்ட வேண்டியதுதானே, ஏன் இப்படி இழுக்கிறார்கள்?

ராயபுரம் சிவில்: தம்பி, தோண்டினாலே பாதி அழிந்த மாதிரிதான். 1990லிருந்தே அங்கே முக்கியமான எச்சம் என்றால் முடிந்தவரை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடச் சொல்கிறார்கள், தோண்டியே ஆக வேண்டுமென்றால் செலவு கட்டுபவர் தலையில். பங்க்கரை நகர்த்துங்கள். சுவர் இருக்கும் இடத்தில் ஜியோடெக்ஸ்டைல் என்கிற செயற்கை இழைத் துணியை விரித்து மண் கொட்டி உயர்த்திவிட்டால் மேலே தாராளமாகப் புல் வளர்க்கலாம். உண்மையான வில்லன் வடிகாலும் ஸ்பிரிங்க்லர் குழாய்ப் பள்ளமும்தான், அப்புறம் மர வேர்.

பழைய வண்ணாரப்பேட்டை: அவ்வளவு தூரம் போவானேன்? புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் 1945ல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளே கிடைத்தன. இங்கே மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். பட்டியலில் இல்லாத தொல்லியல் மேட்டில் ஜேசிபி இறங்கினால்தான் கேட்க ஆளில்லை.

தண்டையார்பேட்டைக்காரன்: சரி அண்ணே, குழாய் வரைபடம் வேறு ஆளிடம் இருக்கிறது, வாங்கி, சுவர் இருக்கும் இடத்தின் மேலே வைத்துப் பார்க்கிறேன்.