டபுள் எக்ஸ்போஷருக்கு எந்த டாய் கேமரா? ஹோல்காவா, ஃபிஷ்ஐயா, எச்35ஆ?

நிழல்விரும்பி:
வணக்கம் மக்களே. டிஜிட்டல்ல எடுத்து எடுத்து எல்லாமே பளிச்சுனு சுத்தமா வர்றது அலுத்துப்போச்சு, ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம் கேமரா வாங்கலாம்னு இருக்கேன். முக்கியமா ஒரே ஃப்ரேம்ல ரெண்டு படம் விழணும், ஒரு முகத்துக்குள்ள மரக்கிளை படர்ந்திருக்க மாதிரி. ஹோல்கா 120என், ஃபிஷ்ஐ நம்பர் 2, கோடாக் எக்டார் எச்35 மூணும் பாத்து வெச்சிருக்கேன். ஃபிலிம் இதுவரைக்கும் தொட்டதே இல்ல, எதை எடுக்கலாம்?

சதுரச்சட்டம்:
எச்35ஐ விட்டுடுங்க. அது ஹாஃப் ஃப்ரேம், அதாவது ஒரு ஃப்ரேம் இடத்த பாதியாக்கி ரெண்டு தனித்தனி படமா எடுக்கும், 36 படம் ரோல்ல 72 படம் கிடைக்கும், பக்கத்து பக்கத்து ரெண்டு படத்த ஜோடியா ஸ்கேன் பண்ணா அருமையா இருக்கும், ஆனா நீங்க கேக்குறது அது இல்லையே. ஹோல்கால ஷட்டருக்கும் ஃபிலிம் சுத்துறதுக்கும் சம்பந்தமே கிடையாது, சுத்தாம எத்தன தடவ வேணாலும் அமுக்கலாம். 60 எம்எம் பிளாஸ்டிக் லென்ஸ், நடுவுல ஓரளவு தெளிவு, ஓரம் மங்கி இருட்டாகும், எனக்கு அந்த இருட்டுக்காகவே பிடிக்கும்.

முகத்துக்குள்ள கிளை வரணும்னா ஆளை பளிச்சுனு இருக்க வானத்துக்கு முன்னாடி பக்கவாட்டுல நிக்க வெச்சு முகம் கருப்பா விழற மாதிரி எடுங்க, அப்புறம் சுத்தாம கிளையை எடுங்க. வெளிச்சம் படாத இடத்துலதான் ரெண்டாவது படம் நல்லா பதியும், வானம் விழுந்த இடம் ஏற்கனவே நிரம்பிட்டதால அங்க கிளை கரைஞ்சுடும், முகத்துக்குள்ள மட்டும் நிக்கும். முதல் படம் எங்க விழுந்துச்சுனு நோட்டுல கோடு போட்டு வெச்சுக்கோங்க.

வட்டக்கண்ணாடி:
முதல் தடவைங்கிறதால ஃபிஷ்ஐக்கு போடற வழக்கமான 35 எம்எம் ஃபிலிம்தான் நல்லதுனு நான் சொல்வேன். ஹோல்காவுக்கு போடற 120ங்கிற அகலமான ரோல எல்லா லேபும் கழுவி தர்றதில்ல, முதல்ல அத விசாரிங்க. ஃபிஷ்ஐ 2ல டபுளுக்குனே தனி ஸ்விட்ச் இருக்கு, தெரியாம ரெண்டு படம் ஒண்ணு மேல ஒண்ணு விழாது. ஆனா லென்ஸ் 170 டிகிரி அகலத்துக்கு பாக்கும், படம் வட்டமா வரும், முகத்த ரொம்ப கிட்ட போய் எடுத்தா மூக்கு பெருசாயிடும். அது உங்களுக்கு ஓகேவானு யோசிச்சுக்கோங்க.

ஒளிக்கசிவு:
ஹோல்கா வாங்கினா ஒரு விஷயம், வ்யூஃபைண்டர் லென்ஸ் வழியா பாக்காது, அதனால லென்ஸ் மூடி போட்டபடியே அமுக்கினாலும் தெரியாது, நான் ஒரு முழு ரோல் அப்படி வெறுமையா வாங்கி அழுதிருக்கேன். பின்மூடி கிளிப் ரெண்டும் கழண்டுடும், கருப்பு டேப் ஒட்டுங்க. அடியில இருக்க ஸ்விட்ச் பல்புக்கு (அமுக்கி வெச்சிருக்க வரைக்கும் ஷட்டர் திறந்தே இருக்கும்) நகர்ந்திருக்கானு ஒவ்வொரு தடவையும் பாருங்க. ஃபிலிம் 400 கலர் நெகட்டிவ் போடுங்க, கொஞ்சம் வெளிச்சம் ஜாஸ்தியானாலும் தாங்கும், ஸ்லைடு ஃபிலிம் தாங்காது.

நிழல்விரும்பி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். லேப்ல கேட்டேன், 120 கழுவுறாங்களாம், அதனால ஹோல்காவே. சதுரமா எடுத்தா ஒரு ரோலுக்கு 12 படம்தானே, முதல் ரோல் முழுக்க அந்த வானம் முகம் கிளை மட்டும்தான் எடுக்கப்போறேன், கழுவி வந்ததும் இங்கயே போடறேன்.